வஜ்ரன் திரும்பி வந்தானா?

1.
கிட்ட வாங்க கண்ணு, சாரல் படாமல் உள்ளே தள்ளி உட்காருங்க. ஒரு இரும்புப் பொம்மைக்காக அண்ணனும் தம்பியும் பேச்சை விட்ட கதை சொல்கிறேன். இது என் தலையில் முளைத்த கதையில்லை. திண்டுக்கல்லிலிருந்து எங்கள் கொல்லிமலை அரியூர் நாட்டுக்கு மாற்றலாகி வந்த நர்ஸ் ஜெனிபர், எனக்குப் பிரஷர் பார்க்கும்போது புலம்பியது. பட்டை கையை இறுக்கும்போது காது சும்மாதானே இருக்கும்!

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மேகங்கள் தவழும் எழில்மிகு கொல்லிமலையின்..." (அடித்துவிட்டேன். சுற்றுலா போர்டுக்கு ஆகும்.)

2.
அண்ணன் அப்பாசாமியும் தம்பி ராசுவும் பையன்களாக இருந்தபோது, பஞ்சாயத்து டிவியில் ஞாயிறுதோறும் 'ஏழாம் நிலா' ஓடியது. ஜப்பான்காரர்கள் வரைந்து, தமிழ் பேசவைத்த விண்வெளித் தொடர். கடைசி வாரம், உலகைக் காப்பாற்ற வஜ்ரன் என்ற இயந்திர வீரன் எரியும் கதவுக்குள் நுழைந்தான். கரண்ட் போய்விட்டது. எப்போது போகவேண்டும் என்பது மலைக் கரண்டுக்கு நன்றாகத் தெரியும்.

"செத்துட்டான்" என்றான் அண்ணன். "வந்துருவான்" என்றான் தம்பி. வாய்ச்சண்டை கைகலப்பாகி, பிறகு மிளகுக்கொடி ஏறிய மரங்கள்வரை பாகம் பிரிந்து, வருஷக்கணக்காகப் பேச்சில்லை. (நிலத்தகராறாகத்தான் இருக்கும் என்று நானும் சந்தேகப்பட்டு விசாரித்தேன். இல்லை, வஜ்ரன்தான். சொத்துக்கு அடித்துக்கொள்கிறவர்களைவிட எவ்வளவோ மேல்.)

நடுவில் அகப்பட்டவள் அம்மா பாப்பாயி. பிரஷர் ஏறிக் கிடக்கிறது. மாத்திரையைத் தொடமாட்டேன் என்கிறாள்.

"ரெண்டு பேரும் பேசட்டும் சாமி. அப்பறம் டப்பாவோட முழுங்கறேன்."

3.
ஜெனிபர் எப்படியோ தேடி, தொடர் முழுவதையும் பென் டிரைவில் வாங்கினாள். தனியாகப் பார்த்தாள்.

நல்லதை முதலில் சொல்வதுதான் மரியாதை. மழையைக் கையால் வரைந்திருக்கிறார்கள். பார்க்கிறவளுக்கே ஜலதோஷம் பிடிக்கும். வில்லனுக்கும் வீட்டில் காத்திருக்க ஆள் உண்டு. வஜ்ரன் முகத்தில் ஒரு கோடுகூட அசையாது. ஆனாலும் அவன் கதவருகே நின்று திரும்பிப் பார்த்தபோது ஜெனிபர் மூக்கை உறிஞ்சினாள்.

இனி மற்றது. ராக்கெட் கிளம்பும் அதே காட்சி, வாராவாரம். ஆயுதத்தின் முழுப்பெயரையும் கத்திவிட்டுத்தான் சுடுவார்கள். எதிரியும் பண்பாக நின்று கேட்டுக்கொள்வான். விஞ்ஞானம் படித்த ஒரே பெண்ணின் உத்தியோகம் "ஐயோ" என்பது. வாய் மூடிய பிறகும் தமிழ் தொடரும்.*

கடைசிப் பகுதியோ எல்லாவற்றுக்கும் மகுடம். மூடிய கதவின் ஒரே படம். அசையவில்லை. நெடுநேரம் காற்றுச் சத்தம். முடிந்தது. செத்தானா, வந்தானா? சொல்லவே இல்லை!

"இத வச்சு அந்தம்மாவ எப்படி மாத்திரை போட வைக்கிறது?" என்று ஜெனிபர் டிவியிடமே கேட்டாள்.

(* வாய் அசைந்தும் சேதி வராத மேடைகளைப் பார்த்த நமக்கு இது ஒரு குறையா?)

4.
இங்கே எனக்குக் கை நின்றது. ஜெனிபர் பொய் சொல்வதாக ஒரு முடிவு எழுதினேன். அவளுக்குப் பொய் வராது, காது சிவந்துவிடும். பாப்பாயி மயங்கி விழ, பிள்ளைகள் ஓடிவந்து... (கண்ணீர் நன்றாக வரும். ஆனால் கிழவியைக் கீழே தள்ள எனக்கு மனம் வரவில்லை.)

5.
நடந்ததையே சொல்கிறேன். ஞாயிறு மத்தியானம், விட்டுப்போன முடிவைப் பார்க்க ஜெனிபர் வீட்டு டிவி முன்னால் கூடினார்கள். வலப்பக்கம் அண்ணன், இடப்பக்கம் தம்பி, எல்லைக்கல்லாகப் பாப்பாயி, மடியில் மாத்திரை டப்பா.

"ஏனுங்க சிஸ்டரு, அந்தப் பக்கம் இருக்கறவர தலைய நகத்தச் சொல்லுங்க" என்றான் அண்ணன்.

"தலை என்னோட பாகத்துலதானுங்க இருக்குது, சிஸ்டரு."

வஜ்ரன் நுழைந்தான். கதவு மூடியது. படம் நின்றது.

இருவரும் முன்னால் சாய்ந்தார்கள். படத்தில் அசைவில்லை. முடிவே இதுதான் என்று சொல்ல வாயெடுத்த ஜெனிபர், இருவர் முகத்தையும் பார்த்து அப்படியே மூடிக்கொண்டாள்.

"மறுக்கா நின்னு போச்சு பாரு!" என்று எழுந்தான் அப்பாசாமி. "டேய் ராசு, அந்தப் பொட்டி முதுகுல ஒரு தட்டு தட்டுடா!"

பஞ்சாயத்து டிவிக்கு அந்த நாளில் அதுதான் வைத்தியம். தட்டுவது ராசுவின் பொறுப்பு. ராசு சுவரோடு ஒட்டியிருந்த டிவியைத் தடவித் தடவிப் பார்த்தான்.

"இதுக்கு முதுகே இல்லியேண்ணா!"

பாப்பாயி டப்பாவைத் திறந்தாள்.

6.
வஜ்ரன் வந்தானா என்று என்னைக் கேட்காதீங்க. அண்ணன் தம்பி இருவரும் இன்னும் பென் டிரைவைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார்கள், ஒரே குரலில். ஜெனிபர் சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன். வேண்டுமென்றால் நீங்களே அவனைக் கூட்டி வாங்க.

உங்க ஊட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும் சாமி. கரண்ட் போனாலும் பேச்சு போகாமல் இருக்கட்டும்.