முகம் தாஹாவுக்கு

"ஒங்க கை மாதிரி யாருக்கு வரும் அண்ணாச்சி? அதான் சேலையும் நகையும் எழுத்தும் நீங்க போடுங்கன்னு சொல்லுதேன். மொகத்த மட்டும் இந்தத் தடவ தாஹா போடட்டும்."

தியேட்டர் மேனேஜர் விஸ்வநாதனின் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார் பேனர் ஓவியர் சௌந்தரபாண்டியன்.

"ஏன் வே, எம் மொகத்துக்கு என்ன கொற?"

"பிரியாணிக் கடைச் சுவத்துல அவன் வரைஞ்ச பொம்பள முன்னால நின்னு ஊரே போட்டோ எடுக்கு. ஒங்க கதாநாயகியெல்லாம் சுகர் மாத்திரை போட மறந்தவ மாதிரில்லா முழிக்காளுவ."

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தை நம்பிப் பழைய படமொன்றை மறுபடியும் திரையிடுகிறார்கள். வாசலுக்குக் கையால் வரைந்த பேனர் வேண்டும். சேர்ந்து தொழில் செய்யத் தொடங்கிய நாளிலிருந்து முகம் சௌந்தரபாண்டியனுடையது. வானம், மரம், மோட்டார் சைக்கிள் எல்லாம் கடையநல்லூர் தாஹாவுடையவை. யார் அப்படிப் பிரித்தது என்று இருவருக்குமே ஞாபகமில்லை. தாஹா ஒருநாளும் முகத்தைத் தனக்கென்று கேட்டதில்லை. இப்போதும் அவன் கேட்கவில்லை என்பதுதான் அவருக்கு இன்னும் எரிந்தது.

தன் பங்கை அவர் முதலில் முடித்தார். கழுத்து அட்டிகைக்கு மட்டும் அரை நாள். மஞ்சளின் மேல் வெள்ளை, அதன் மேல் மறுபடி மஞ்சள் என்று மினுக்கத்தை ஏற்றிக்கொண்டே போனார். பார்க்கிறவன் கண் கழுத்தோடு நின்றுவிட வேண்டும்.

மறுநாள் தாஹா சாரத்தில் ஏறினான். அவ்வளவு பெரிய முகத்தோடு ஒட்டி நிற்பவனுக்கு முகம் தெரியாது, கன்னம் வெறும் பொட்டல்தான். ரோட்டின் எதிர்ச்சாரியில் ஒருவர் நின்று பார்த்துச் சொல்லியாக வேண்டும். அவர் வரைந்த காலமெல்லாம் அங்கே நின்று, "மூக்கு கோணுது அண்ணாச்சி" என்று கத்தியவன் தாஹா. ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

இன்று சௌந்தரபாண்டியன் எதிர்ச்சாரியில் முப்பிடாதியம்மாளின் டீக்கடை ஓரமாகப் போய் நின்று, நிமிர்ந்தார். அவர் கண் அட்டிகையில் நிற்கவில்லை.

கதாநாயகியின் கருவிழியில் கறுப்பு முழுதாக நிறைந்திருக்கவில்லை. ஓரத்தில் துணியின் வெள்ளை லேசாகத் தெரிந்தது. அதனால்தான் அவள் பார்த்தாள். யாரோ கூப்பிட்டு, யாரென்று தெரிவதற்கு முன்பே முகம் மலர்ந்துவிட்டவளைப் போல. இத்தனை வருடத்தில் அவர் வரைந்த ஒருத்திகூட அப்படிப் பார்த்ததில்லை. இன்னும் ஒரு தீற்றுக் கறுப்பு வைத்தால் போதும், பொம்மையாகிவிடுவாள்.

"ஏயம்மா, நம்மளயேல்லா பாக்கா!" முப்பிடாதியம்மாள் கிளாஸைக் கழுவாமல் நின்றாள். "ஒங்க கைதான அண்ணாச்சி?"

அவர் டீயை உறிஞ்சினார்.

சாரத்தின் மேலிருந்து தாஹா திரும்பினான். கறுப்பில் தோய்த்த பிரஷ் கண்ணுக்கு நேராக நின்றது. நடுவில் ராஜபாளையம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போகும்வரை காத்திருந்து கத்தினான்.

"அண்ணாச்சி! இங்கன இருந்து எனக்கு ஒண்ணும் தெரியல. இன்னும் கொஞ்சம் கறுப்பு வைக்கவா, போதுமா? நீங்கதான் பாத்துச் சொல்லணும்."