கீழே நிற்கிறவன்

“என்ர கடவுளை எனக்குத் தெரியும் ஐயா. அதுக்குள்ள இறையியல் எதுக்கு?” என்று சின்னராசா சொன்னதுதான் தாமதம், கனகரத்தினம் மாஸ்டர் கேள்வித்தாளைக் கவிழ்த்து மேசையில் வைத்துவிட்டார். பக்கத்தில் இருந்த இளம் போதகர் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு யன்னல் பக்கம் பார்த்தார். திருகோணமலை மெதடிஸ்த ஆலயத்தின் பின்னறையில், அறுபத்திரண்டாம் ஆண்டு மே மாதத்துப் புழுக்கத்தில், பிரசங்கியார் பரீட்சை அப்படித்தான் முடிந்தது.

கேட்டது என்னவோ நேரான கேள்விதான். கடவுள் தம்மை மனுசருக்கு எப்படி வெளிப்படுத்துகிறார்? சின்னராசாவும் வஞ்சகமில்லாமல்தான் பதில் சொன்னார். தான் துறைமுகத்தில் சுழியோடி, கடலடியில் தனியே நிற்கும்போது நெஞ்சுக்குள் ஒரு இதம் வரும், அதுதான் கடவுள் என்றார். “நல்ல தேத்தண்ணி குடிச்சாலும் எனக்கு அந்த இதம் வரும். தேத்தண்ணியைக் கும்பிடலாமோ?” என்று மாஸ்டர் திருப்பிக் கேட்டார். அங்கேதான் சின்னராசாவுக்கு மூக்கின்மேல் கோபம் வந்தது. முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் புள்ளி குறைத்தே பழகிய மனுசன், ஓய்வுபெற்றபிறகு கடவுளைத் தேடுகிறவனுக்கும் புள்ளி குறைக்க வந்துவிட்டார் என்று நினைத்தார். நினைத்ததோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா கிடந்தால்தானே?

“ஓகஸ்ட் மாசம் திரும்ப வாரும்,” என்றார் மாஸ்டர். “அதிலயும் தவறினால் நிலாவெளியை மறந்துபோடும்.”

நிலாவெளிதான் சின்னராசாவின் நெஞ்சில் தைத்த முள். அங்கே கடற்கரையோரம் ஒரு சின்ன ஆலயம், பன்னிரண்டு குடும்பங்கள். போதகர் ஒருவர்தான், அவருக்கு டவுண் ஆலயமே போதும் போதுமென்றிருந்தது. கிழமை நாட்களில் தொழில் பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கம் செய்கிற பிரசங்கியார் யாராவது போனால்தான் உண்டு. ஒரு சாவீட்டுக்காக அங்கே போன சின்னராசா, ஞாயிறு ஆராதனைக்கும் இருந்துவிட்டு வந்தார். பாட்டுப் பாடினார்கள், வேதம் வாசித்தார்கள், பிறகு எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு அரை மணித்தியாலம் பேசாமல் இருந்தார்கள். என்ன இது என்று பக்கத்து ஆளிடம் கேட்டார். “பிரசங்க நேரம்,” என்றார் அவர். பிரசங்கிக்க ஆளில்லை, ஆனாலும் நேரத்தைக் குறைக்க அவர்களுக்கு மனம் வரவில்லையாம். வீடு திரும்பிய கையோடு சின்னராசா பிரசங்கியார் பரீட்சைக்குப் பெயர் கொடுத்தார். செப்டெம்பர் மாதத்துப் பிரசங்க அட்டவணையில் நிலாவெளிக்கு நேரே ஒரு பெயரும் இல்லாவிட்டால் கதவைப் பூட்டிவிடுவது, சனம் பஸ் பிடித்து டவுணுக்கு வரட்டும் என்று சபைக் கூட்டத்தில் முடிவாகியிருந்தது.

“இஞ்சாருங்கோ, அந்த மனுசன் கேட்டதுக்கு ஓம் எண்டு போட்டு வந்திருக்கலாமே,” என்றாள் மனைவி தங்கரத்தினம். போதகர் கொடுத்துவிட்ட தடித்த புத்தகத்தைத் தூசி தட்டி அவர் முன்னால் வைத்தாள். சின்னராசா அதை இரண்டு பக்கம் புரட்டினார். வெளிப்பாடு, மனுவுருவாதல், மீட்பு என்று வரிசையாகச் சொற்கள். உப்புத் தண்ணீரை வாயில் விட்டதுபோல் முகத்தைச் சுளித்துக்கொண்டு மூடிவைத்தார். அன்பிருந்தால் போதாதா, அதற்கு அளவுகோல் எதற்கு என்பதுதான் அவருடைய கட்சி. அந்தக் கட்சியில் அவருக்கு ஒரு பலத்த ஆதரவாளரும் இருந்தார். தங்கரத்தினத்தின் அண்ணன் குணரத்தினம்.

குணரத்தினம் அதே துறைமுக வேலைத்தளத்தில் கப்பல்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். ஐம்பது வயது. பாட்டைக் கேட்டால் அழுவார், செபத்தைக் கேட்டால் அழுவார், தங்கச்சி வைத்த மீன்குழம்பு நன்றாக இருந்தாலும் கண் கலங்கும். அந்த வருடம்தான் புதிதாகக் கட்டுப்பல் போட்டிருந்தார். சிரிக்கும்போது அதைக் காட்டுவதற்காகவே கொஞ்சம் கூடுதலாகச் சிரிப்பார்.

சின்னராசாவின் தொழில் தனியாகச் செய்யக்கூடியதல்ல. வெள்ளைக்காரக் கடற்படை விட்டுப்போன ரப்பர் உடுப்பும் செம்புத் தொப்பியும் மாட்டிக்கொண்டு அவர் இறங்குவார். ஜெட்டியில் இரண்டு பேர் பம்புச் சக்கரத்தைச் சுற்றிக் குழாய் வழியாகக் காற்று அனுப்புவார்கள். இன்னொருவர் அவருடைய இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்திருப்பார். கீழே ஒன்றும் கேட்காது, கலங்கல் தண்ணீரில் மேலே ஒன்றும் தெரியாது. கதையெல்லாம் கயிற்றால்தான். மேலேயிருந்து ஒரு இழுப்பு வந்தால் ‘சுகமோ?’ நாலு இழுப்பு வந்தால் ‘உடனே மேலே வா.’ கீழேயிருந்து ஒரு இழுப்பு போனால் ‘சுகம்.’ இரண்டு போனால் ‘என்னை விடு, வேலை கிடக்கு.’ பதினொரு வருடமாக அந்தக் கயிற்றைப் பிடித்தவர் கிண்ணியா ஸைனுலாப்தீன். அவர் பிடித்திருந்தால் சின்னராசாவுக்குக் கடலடியும் வீட்டு முற்றமும் ஒன்றுதான்.

ஜூலை கடைசியில் ஸைனுலாப்தீனின் மகள் ஜெஸீமாவுக்குக் கலியாணம் வந்தது. அந்தக் கிழமை பார்த்து, ஜெட்டித் தூணில் சுற்றிக்கொண்ட சங்கிலியைச் சனிக்கிழமைக்குள் எடுத்தாக வேண்டும் என்று மேலதிகாரி ஒற்றைக்காலில் நின்றார். கயிறு பிடிக்கக் குணரத்தினம் தானாகவே முன்வந்தார். “கயிறு புடிக்கிறது சும்மா வேலையில்ல. மச்சானுக்கு இழுப்புக் கணக்கச் சொல்லிக் குடுத்துப் போட்டு இறங்குங்க,” என்று சொல்லிவிட்டுத்தான் ஸைனுலாப்தீன் கிண்ணியாவுக்குத் தோணி ஏறினார்.

சின்னராசா சொல்லிக் கொடுத்தாரா? இல்லை. “ஒண்டுக்கும் யோசியாதையும் மச்சான். என்னில பட்சம் இருக்குத்தானே, அது போதும். பிடியும்,” என்று கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். பரீட்சையில் சொன்ன பதிலையே அவர் அங்கேயும் சொன்னார் என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை காலை. மூன்று பாகம், பதினெட்டு அடி ஆழம். அவர் சங்கிலியில் கைவைத்ததும் கயிறு நாலு தரம் இழுபட்டது. பதறிக்கொண்டு மேலே வந்தார். தொப்பிக் கண்ணாடியைத் திறந்ததும் குணரத்தினம் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். “ஒண்டுமில்லை மச்சான். இருக்கிறீரோ எண்டு பார்த்தனான்.” மறுபடி இறங்கினார். ஐந்து இழுப்பு. பிறகு மூன்று. பிறகு ஒரு நீளமான, பாசமான, தாலாட்டுப் போன்ற இழுப்பு. ஒவ்வொன்றுக்கும் சின்னராசா வேலையை விட்டுவிட்டுத் தலையை நிமிர்த்தினார். கடைசியில் பொறுமை போய், பலமாக இரண்டு தரம் இழுத்தார். என்னை விடு, வேலை கிடக்கு. அதற்குப் பதிலாக ஏழு இழுப்பு வந்தது. பாவம், குணரத்தினம் அதை அன்பென்றே எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் சீமெந்து ஏற்றிய பார்ஜ் படகு ஒன்று கட்டவிழ்ந்தது. கச்சான் காற்று அதை ஜெட்டிப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்தது. காற்றுக்குழாய் ஜெட்டி ஓரமாகத்தான் இறங்கியிருந்தது. பார்ஜ் வந்து மோதினால் நடுவே அகப்பட்ட குழாய் தட்டையாகிவிடும், கீழே நிற்கிறவருக்கு மூச்சு முடிந்துவிடும். பம்புக்காரர்கள் கத்தினார்கள். சக்கரத்தை விட்டுவிட்டு வரவும் அவர்களுக்கு ஏலாது. குணரத்தினம் இழுத்தார். எட்டு, பத்து, பதினைந்து, எண்ணிக்கையே இல்லாமல் இழுத்தார். கீழே சின்னராசா சங்கிலியோடு மல்லுக்கட்டிக்கொண்டு, ‘இந்த மனுசனுக்கு இண்டைக்கு என்மேல கொள்ளை ஆசைதான்’ என்று சிரித்தபடி, மறுபடியும் பலமாக இரண்டு இழுத்தார். என்னை விடு.

அடுத்த நிமிடம் தொப்பிக் கண்ணாடியில் ஒரு முகம் வந்து ஒட்டியது.

கன்னம் இரண்டும் உப்பி, கண் இரண்டும் பிதுங்கி, சாரம் குடைபோல் மேலே விரிந்து, குணரத்தினம். கயிற்றைப் பிடித்துக்கொண்டே தலைகீழாக இறங்கியிருந்தார். அந்த முகத்தைப் பார்த்தபிறகு எத்தனை இழுப்பு என்று யார் எண்ணுவார்கள்? குணரத்தினம் கையைப் பிடித்து மேலே காட்டினார். சின்னராசா வால்வைத் திருகினார், உடுப்புக்குள் காற்று நிறைந்தது, இருவரும் சேர்ந்தே எழும்பினார்கள். குணரத்தினம் சின்னராசாவை ஏணியில் இழுத்து ஏற்றவும் பார்ஜ் வந்து தூணில் இடிக்கவும் சரியாக இருந்தது. ஜெட்டி முழுவதும் அதிர்ந்தது.

குணரத்தினம் பலகையில் மல்லாந்து கிடந்து தண்ணீரைக் கக்கினார். பிறகு வாயைத் தடவிப் பார்த்து, “ஐயோ மச்சான், என்ர பல்லு!” என்றார். கட்டுப்பல் கடலோடு போய்விட்டது. சின்னராசா சிரிக்கத் தொடங்கினார், சிரிப்பு அழுகையானது, அழுகை மறுபடி சிரிப்பானது. செம்புத் தொப்பியோடு மச்சானைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே கிடந்தார்.

அன்று பின்னேரமே புத்தகத்தை எடுத்தார். தங்கரத்தினம் விளக்கைக் கிட்ட நகர்த்திவைத்தாள். மே மாதத்தில் உப்பாகக் கரித்த சொற்கள் இப்போது வேறுமாதிரி இருந்தன. கடவுளே மனுசனாக இறங்கி வந்ததைச் சொல்லும் மனுவுருவாதல் என்ற இடத்தில் அவர் மூன்று நாள் நின்றார். யாரோ முன்னால் கடலில் இறங்கியவர்கள், பின்னால் இறங்கப்போகிறவனுக்காக உட்கார்ந்து எழுதிவைத்த கணக்கு இது என்று அவருக்குப் பட்டது. பாசம் மேலே எவ்வளவு இருந்தென்ன, கீழே நிற்கிறவனுக்கு அது விளங்க வேண்டுமே.

ஓகஸ்டில் அதே பின்னறை, அதே புழுக்கம், அதே கேள்வி. சின்னராசா கயிற்றின் கதையை முழுக்கச் சொன்னார். தீர்க்கதரிசிகள் வழியாகக் கடவுள் இழுத்தார், வேதத்தின் வழியாக இழுத்தார், கடைசியில் தாமே இறங்கி முகத்தைக் காட்டினார் என்றார். கட்டுப்பல்லின் கதை வந்தபோது போதகர் கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டார். மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை.

“கதை நல்லாத்தான் இருக்கு. ஆனால் குணரத்தினம் ஏன் குதிச்சவர்? இழுக்கத் தெரியாதபடியால். அப்ப கடவுளும் இழுக்கத் தெரியாமலோ இறங்கி வந்தவர்?”

சின்னராசாவுக்குக் காதெல்லாம் சுட்டது. இந்த மனுசன் எங்கே போய்க் கைவைக்கிறார் பார்! நிலாவெளியில் கையைக் கட்டிக்கொண்டிருந்த சனம் ஒருமுறை கண்முன் வந்து போனது. யோசித்தார். கடலடியில் நின்ற நேரத்தை மறுபடி நினைத்துப் பார்த்தார். நினைக்க நினைக்க அவருடைய குரல் தாழ்ந்தது.

“இல்லை ஐயா. அந்த இடத்தில என்ர கதை பிழை. கடவுள் இழுத்ததெல்லாம் சரியாத்தான் இழுத்தவர். பிழை கீழ நிண்டவனில. குணரத்தினத்துக்குத்தான் கணக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டே ரெண்டு தரம் இழுத்தனான், என்னை விடு எண்டு. அப்பிடிச் சொன்னவனைத் தேடியும் இறங்கி வந்தவர். அதுதான் ஐயா சங்கதி.” அவர் மூச்சு வாங்கினார். “போன முறை இதம் எண்டு சொன்னனான். அதுவும் பொய்யில்லை. ஆனா அதை மட்டும் நம்பினால், இதம் வராத நாளில கடவுளும் இல்லை எண்டு போயிடும். வந்தவர் எண்டு ஆரோ சொல்லி, எழுதி, படிப்பிச்சு வைச்சிருந்தாத்தான் அண்டைக்கும் பிடிச்சுக்கொண்டு நிக்கலாம். இறையியல் அதுக்குத்தான் வேணும்.”

மாஸ்டர் கேள்வித்தாளைப் பார்த்தபடியே இருந்தார். அதில் இன்னும் ஆறு கேள்விகள் இருந்தன. அவர் அடுத்ததைக் கேட்கவில்லை.

“சின்னராசா,” என்றார் மெல்ல. குரலில் வாத்தியார் இல்லை. “என்ர மனுசி நல்லம்மா கண்ணை மூடி நாலு வருசம். அண்டையிலயிருந்து எனக்கு ஒரு இதமும் இல்லை. செபம் சொன்னால் சொல்லுத்தான் வருது. என்னை விட்டுப்போடும் எண்டு கடவுளுக்கு நானும் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறன். உந்தப் புத்தகம் முழுக்க எனக்குப் பாடம், ஒரு வரி தவறாமல் சொல்லுவன்.” கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “இது பரீட்சைக் கேள்வி இல்லை. அப்பிடிப்பட்டவனிட்ட இன்னும் வருவாரோ?”

மே மாதத்திலிருந்து இந்த மனுசன்மேல் வைத்திருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. எழுந்து தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றிப் போய், மாஸ்டருக்குப் பக்கத்தில், முழங்கால் முட்டும்படி போட்டு உட்கார்ந்தார். கிழவரின் கை அவர் கைக்குள் குளிர்ந்து கிடந்தது. “ஐயா,” என்று தொடங்கினார்.

மேசையின் அந்தப் பக்கம் போதகர் சத்தமில்லாமல் செப்டெம்பர் அட்டவணையை விரித்து, நிலாவெளிக்கு நேரே வெறுமையாகக் கிடந்த கட்டத்தில் ஒரு பெயரை எழுதிக்கொண்டிருந்தார். அவர்கள் இருவரும் அதைக் கவனிக்கவேயில்லை.