ஊற வைத்தவர் யார்?

“கையெழுத்துதானே கேக்குறேன், கிட்னியவா கேக்குறேன்?” தம்பி போட்ட சத்தத்தில் பரிசோதனைக்கூடத்துத் தராசு முள்ளே ஒருமுறை ஆடியிருக்கும்.

“கத்தாதடா. எனக்குக் காது நல்லாவே கேக்குது,” என்றாள் அக்கா.

தம்பி கட்டடப் பொறியாளன்; நாளை மறுநாள் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூரை வார்க்கிறான். அந்தக் கலவையைச் சோதித்து அறிக்கை தருபவள் அக்கா. சுட்ட களிமண் உருண்டை போட்ட எடை குறைந்த கான்கிரீட். குத்தாமல் குலுக்காமல் தானே பரவ வேண்டும். பலத்துக்கு நானோ சிலிக்கா என்று புகைபோல ஒரு பொடி. பொடிக்கும் தாகம், உருண்டைக்கும் தாகம். அதனால் உருண்டையை முதல் நாளே ஊற வைத்துவிட வேண்டும். அது கலவைக்காரரின் வேலை. அவர் செத்து இருபது நாளாகிறது.

விவகாரமே இதுதான். அவர் போன பிறகும் தினம் காலையில் உருண்டைகள் ஊறியே கிடந்தன. கூடத்தைப் பெருக்குகிறவள் செய்கிறாள் என்று அக்கா நினைத்தாள். அக்கா செய்கிறாள் என்று அவள். பேசிப் பார்த்தபோதுதான் இருவருமே வாளியைத் தொடவில்லை என்று தெரிந்தது. நேற்று மாலை, தராசு பழுது பார்க்க வந்தவரைச் சாட்சி வைத்து, காய்ந்த உருண்டையை வாளியில் கொட்டி அக்கா அறையைப் பூட்டினாள். சாவி இடுப்பில். காலையில் திறந்தால் வாளி நிறையத் தண்ணீர். யாரோ அடியில் மூச்சு விடுவதுபோலக் குமிழிகள். மேலே கரண்டி குறுக்காக, அவர் வைக்கிற மாதிரியே.

“கலவை எழுபது சென்டிமீட்டர் பரவுச்சா இல்லியா? அத மட்டும் எழுது.”

“பரவுச்சு. காஞ்ச உருண்டையப் போட்டும் பாத்தேன். கூம்புல நெரப்பிக் கூம்பத் தூக்குனா, பரவாம அப்படியே குந்திக்கிட்டிருக்கு. உன் ஆளுங்க ஊற வைப்பாங்களா?”

“நாள் தள்ளிப்போகும்க்கா. கூரை முடிஞ்சாத்தான் கல்யாணத் தேதின்னு பொண்ணு வீட்டுல நிக்கிறாங்க.”

“அப்ப அங்க யாருடா ஊற வைக்கிறது? பேய்க்கு உன் சைட்டு விலாசம் தெரியாதே.”

தம்பி சிரிக்கவில்லை. மூலையில் இருந்த வாளியில் ‘க்ளக்’ என்று ஒரு குமிழி உடைந்தது. அவன் வாசல் பக்கம் நகர்ந்தான்.

‘முதல் நாளே ஊற வைத்த உருண்டைக்கு மட்டுமே இந்த முடிவு செல்லும்’ என்று அறிக்கையில் எழுதி அக்கா கையெழுத்திட்டாள். ‘ஊற வைத்தவர்’ என்ற கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு, பொய் சொல்வானேன் என்று, ‘கலவைக்காரர்’ என்றே எழுதினாள்.

உருண்டைகளை ஊற வைக்கத் தொட்டி கட்டியதில் கூரை ஒரு வாரம் தள்ளிப்போனது. பெண் வீட்டார் அந்த ஒரு வாரம்கூடப் பொறுக்கவில்லை. பெண்ணை ஒரு கண்ணாடிக் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். தம்பி ரோஷத்தோடு கடல் தாண்டிப் போனான். அக்கா? பேய்க்குச் சாட்சி சொல்ல வந்த அந்தத் தராசுக்காரரையே கட்டிக்கொண்டு, வேறு ஊரில் இருக்கிறாள்.