நாலாம் கம்பியின் முனகல்

என் கணவருக்குக் கால் முறிந்ததிலிருந்து எங்கள் வீட்டில் ஆடுகிற பொருள் என்று ஒன்றுகூட இல்லை. மேஜை ஆடாது. நாற்காலி ஆடாது. குழாய் சொட்டாது. சொட்டாததோடு லேசில் திறக்கவும் திறக்காது, இரண்டு கையாலும் பிடித்து மல்லுக்கட்ட வேண்டும். மாவுக்கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரும் கையுமாக, அடுத்து எதை முறுக்கலாம் என்று வீட்டைக் கண்ணால் துழாவிக்கொண்டே இருப்பார். அவர் லிஃப்ட் மெக்கானிக். எத்தனையோ கட்டடங்களின் உச்சியில் நின்று வேலை பார்த்தவர், சொந்த வீட்டுக் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தார். அந்த எரிச்சல் அவருக்கு இன்னும் அடங்கவில்லை.

நான் கிட்டார் வாசிக்கிறவள். மேடையில் யாராவது பாடும்போது பின்வரிசையில் ஒருத்தி நிற்பாளே, யார் கண்ணிலும் படாமல், அவள்தான். மற்ற நாட்களில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். என் கறுப்பு எலக்ட்ரிக் கிட்டார் இன்னொருவர் வாசித்துத் தேய்த்தபிறகு என்னிடம் வந்தது. அதன் நாலாம் கம்பியை விரல் வைக்காமல் சும்மா தட்டினால் ஒரு முனகல் வரும். காரணம் பெரிய ரகசியமில்லை. கிட்டாரின் தலைப்பக்கம் கம்பிகள் ஆறும் ஒரு வெள்ளைத் துண்டின் பள்ளங்களில் உட்கார்ந்து போகும். அதை நட் என்பார்கள். அதில் நாலாம் பள்ளம் தேய்ந்து ஆழமாகிவிட்டது. கம்பி தாழ்ந்து, பக்கத்தில் குறுக்கே பதித்திருக்கும் முதல் உலோகக் கீற்றை, அதுதான் ஃப்ரெட், உரசுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

அந்த முனகலை வைத்தே நான் ஒரு மெட்டுப் போட்டிருந்தேன். ஒரு சின்னப் படத்துக்கு அதைக் கேட்டார்கள். என் சொந்த மெட்டை ஒருவர் கேட்டு வாங்குவது இதுதான் முதல் தடவை. முதல் பாதியை நேற்று பதிவுசெய்துவிட்டோம். மறுபாதி இன்று நான்கு மணிக்கு. ரெக்கார்டிங் தம்பி, என் வயதில் பாதிகூட இருக்கமாட்டான், நேற்றுக் கிளம்பும்போது வாசல்வரை வந்து சொன்னான்: "அக்கா, அந்தக் கம்பியை யார்கிட்டயும் ரிப்பேருக்குக் குடுத்துடாதீங்க. அந்தச் சத்தத்துக்காகத்தான் டைரக்டர் சரின்னாரு."

இதை வீட்டில் சொன்னேனா என்றால், இல்லை. வந்தபோது இவர் மிக்ஸியைப் பிரித்துப் போட்டிருந்தார். "எப்படிப் போச்சு?" என்றார். "நல்லாப் போச்சு" என்றேன். என் வாசிப்பைப் பற்றி எங்களுக்குள் அதற்குமேல் பேச்சு நீண்டதில்லை. நான் உள்ளறையில் வாசிப்பேன், இவர் கூடத்தில் டிவி பார்ப்பார், அதுவும் சத்தத்தை நிறுத்திவிட்டு. கேட்டால், நாளெல்லாம் மோட்டார் இரைச்சல், காதுக்கு ஓய்வு வேண்டும் என்பார். அந்த இரைச்சல் கணக்கில் என்னையும் சேர்த்துவிட்டார் என்று நினைத்து, கேட்பதை விட்டுவிட்டேன்.

இன்று காலை அண்ணியைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தேன். அண்ணி என்றால் இவருடைய அக்கா, பக்கத்துத் தெரு. கண்ணில் மருந்து விட்டதில் பார்வை கலங்கி, கறுப்புக் கண்ணாடியோடு என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். கதவைத் திறந்ததும் அவர்தான் முதலில் மூக்கைச் சுளித்தார்.

"என்னடா நாத்தம் இது? எதை ஒட்டின?"

மேஜைமேல் சூப்பர் க்ளூ. பக்கத்தில் என் சமையல் சோடாப் பாக்கெட், வாய் திறந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் என் கிட்டார். இவர் முகத்தில், கால் முறிந்த நாளிலிருந்து நான் பார்க்காத ஒரு சிரிப்பு.

"எடுத்து வாசிச்சுப் பாரு" என்றார்.

நாலாம் கம்பியைத் தட்டினேன். சுத்தமாக வந்தது. கழுவித் துடைத்த பாத்திரம்போல் பளிச்சென்று வந்தது. மறுபடி தட்டினேன். மறுபடியும் பளிச்.

"பள்ளத்துல சோடாவைத் தூவி, மேல ஒரு சொட்டு க்ளூ. கல்லு மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் அளவா ராவி விட்டேன். ஃபோன்ல ஒருத்தன் செஞ்சு காட்டினான். எப்படி?"

"உங்களை யாரு இதைத் தொடச் சொன்னது?"

சிரிப்பு அப்படியே நின்றது. "நீதானே இத்தனை வருஷமா முனகுது முனகுதுன்னு..."

"இத்தனை வருஷமா சொன்னேன். இன்னைக்குச் சொன்னேனா? நேத்து அந்தச் சத்தத்தோட பாதி ரெக்கார்ட் பண்ணியாச்சு. இன்னைக்கு மீதி. பாதிப் பாட்டு முனகும், பாதிப் பாட்டு முனகாதா?"

"அதை நீ எங்கிட்டச் சொல்லணும் இல்ல?"

"என் சாமானைத் தொடுறதுக்கு முன்னாடி நீங்க கேக்கணும் இல்ல?"

"லிஃப்ட்ல இந்த மாதிரி ஒரு உரசல் கேட்டா, ஆளை ஏத்தாதேன்னு போர்டு மாட்டிட்டுத்தான் நான் மறுவேலை பாப்பேன்."

"இது லிஃப்ட் இல்ல!"

என் கத்தலில் அண்ணி சோபாவைத் தடவித் தடவி ஓர் ஓரமாக உட்கார்ந்தார். "மணி என்ன?" என்றார்.

ரெக்கார்டிங் தம்பிக்கு ஃபோன் செய்தேன். அந்தச் சத்தத்தைக் கம்ப்யூட்டரில் செய்து ஒட்ட முடியுமா என்று கேட்டேன்.

"ஒட்டு தெரியும்க்கா. நாளைக்கு ஒப்படைக்கணும். இன்னைக்கு முடியலைன்னா கீபோர்டுல வேற மெட்டு வாங்கிக்கறேன்னு டைரக்டர் சொல்லிட்டாரு. ஆளும் ரெடியா இருக்கான். நேத்து வந்த சத்தத்தோட நாலு மணிக்கு வந்துடுங்க, ப்ளீஸ்."

கூடத்துக்கும் உள்ளறைக்குமாக நடந்தேன். கம்பியைத் தளர்த்திப் பார்த்தேன். தொளதொளவென்று சுருதி இறங்கியதுதான் மிச்சம். காகிதத்தை மடித்து ஃப்ரெட்டின்மேல் செருகினேன். விளையாட்டுச் சாமான்போல் கிறீச்சிட்டது. கிட்டாரின் கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடும், அதை முறுக்கினால் கழுத்து வளையும். அதையும் முறுக்கினேன். ஆறு கம்பியும் ஒன்றாகப் புலம்பத் தொடங்கின. திரும்பத் தளர்த்தினேன். இவர் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முறுக்குவதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார்வது அவருக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று எனக்குத் தெரியும். அதில் ஒரு திருப்தி இருந்ததையும் மறைக்கவில்லை.

"மணி என்னன்னு யாராவது சொல்லுங்களேன்" என்றார் அண்ணி.

"ஒண்ணேகால், அண்ணி."

"அவன் வச்சதை அவனே எடுக்கட்டும். நீ எதுக்குக் கிடந்து அல்லாடுற?"

இவர் கையை நீட்டினார். எனக்குக் கொடுக்க மனசில்லை. கொடுத்தேன். "பழைய நாலாம் கம்பி வச்சிருக்கியா?" என்று கேட்டார். கழற்றிப்போட்ட கம்பிகளை நான் ஒரு தகர டப்பாவில் சுருட்டி வைத்திருப்பேன். அதில் ஒன்றை வெட்டி, இரண்டு முனையையும் விரலில் சுற்றிக்கொண்டார். தடித்த கம்பியின்மேல் மெல்லிய கம்பி நெருக்கமாகச் சுற்றியிருக்கும், அதனால் அரம்போல் சொரசொரப்பு. அதையே பள்ளத்தில் ரம்பமாக இழுத்தார். நாலைந்து இழுப்பு. ஊதிவிட்டார். கம்பியைப் பள்ளத்தில் உட்காரவைத்தார். நான் சுருதி சேர்த்துத் தட்டினேன். பளிச். மறுபடி தளர்த்தி, நகர்த்தி, நாலைந்து இழுப்பு.

ஓர் இழுப்பு கூடிப்போனாலும் கம்பி ஃப்ரெட்டின்மேல் படுத்துவிடும், சத்தமே செத்துவிடும். மறுபடி பூசி, காயவிட்டு, ராவி, அதற்கெல்லாம் நேரம் எங்கே? ஒவ்வோர் இழுப்புக்கும் எனக்குப் பல் கூசியது. அண்ணி கால்மணிக்கு ஒருதரம் மணி கேட்டார். தேநீர் போட்டு மூவருக்கும் வைத்தேன். மூன்று கோப்பையிலும் ஆடை படர்ந்தது.

இரண்டே முக்கால் வாக்கில் கம்பி முதல் தடவையாக லேசாகக் கரகரத்தது. என் உயிர் திரும்பி வந்தது.

"வந்துடுச்சு! போதும், குடுங்க."

"இது இல்ல" என்றார்.

"இதுதான். குடுங்க, நான் கிளம்பணும்."

"இது இல்லைங்கறேன்."

கிட்டாரின் உடம்பை நான் பிடித்திருந்தேன், கழுத்தை அவர் பிடித்திருந்தார். விடவில்லை. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "இருபது வருஷமா வாசிக்கிறவ நான். இது இல்லைன்னு சொல்ல உங்களுக்கு என்ன தெரியும்? என்னைக்காவது உக்காந்து கேட்டிருக்கீங்களா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. பள்ளத்தையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"அடிச்ச உடனே முதல்ல கரகரன்னு வரும். தூங்கி எழுந்த ஆள் பேசுற மாதிரி. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாத் தெளியும். இப்ப இது சீக்கிரமாத் தெளிஞ்சுடுது. அது அப்படி இல்ல, நிதானமாத்தான் தெளியும். நடுவுல நீ அதைத் தெளியவே விடமாட்ட, அதுக்குள்ள அடுத்ததை அடிச்சுடுவ. கடைசியில மட்டும் கையெடுத்துட்டு விடுவ இல்ல? அப்பத்தான் முழுசாக் கேக்கும். இப்படி."

முனகிக் காட்டினார். இந்த மனிதர் பாடி நான் கேட்டதே இல்லை. தொண்டை கட்டிய மாதிரி ஆரம்பித்து, மெல்ல மெல்லக் கரகரப்பு உதிர்ந்து, கடைசியில் ஒரு மெலிந்த சுத்தமான இழையாக நின்றது. என் மெட்டின் கடைசி ஸ்வரம். சுருதி துளிகூடப் பிசகவில்லை.

அண்ணி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தெரியாத கண்ணால் தன் தம்பி இருந்த பக்கம் பார்த்தார்.

"உங்களுக்கு எப்படி...?" என்றேன்.

"டிவில சத்தம் வச்சா எப்படிக் கேக்கும்?"

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. இத்தனை வருடமாக அந்த ஊமை டிவியைப் பார்த்துப் பார்த்து நான் மனசுக்குள் எவ்வளவு பொருமியிருக்கிறேன்!

"அப்போ அந்தச் சத்தம் உங்களுக்குப் பிடிக்கும்தானே? அப்புறம் எதுக்கு அடைச்சீங்க?"

"நீ வாசிச்சு முடிச்சதும் ஒவ்வொரு தடவையும் 'ச்சே'ன்னு சொல்லுவ. கம்பி தெளிஞ்சு நிக்கும், உடனே ஒரு 'ச்சே'. அந்த 'ச்சே' நிக்கட்டும்னுதான் அடைச்சேன்."

"நான் அப்படியெல்லாம் சொல்றதே இல்ல."

"சரி, சொல்றதில்ல" என்று பழைய கம்பியை மறுபடி விரலில் சுற்றினார்.

கிட்டாரை விட்டுவிட்டேன். இரண்டு இழுப்பு. தட்டினேன். தலையாட்டினார், இல்லை. ஓர் இழுப்பு. இல்லை. என் காதை ஒதுக்கிவைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்ததில் அவர் கண்ணை மூடினார். கம்பி கரகரத்தது, நிதானமாகத் தெளிந்தது. கண்ணைத் திறக்காமலேயே கம்பித் துண்டை விரலிலிருந்து அவிழ்த்தார்.

"ஓடு" என்றார்.

"மணி மூணரையாவது இருக்கும். செருப்பை மாத்திப் போட்டுட்டுப் போயிடாதே" என்றார் அண்ணி.

ரெக்கார்டிங் அறை சின்னது. சுவரெல்லாம் பஞ்சு அடித்திருக்கும். மூச்சிரைக்க உட்கார்ந்தவளிடம் தம்பி எதுவும் கேட்கவில்லை, ஹெட்ஃபோனை நீட்டினான். நேற்றைய பாதி காதில் ஓடியது. அது முடிந்த இடத்தில் நான் தொடர்ந்தேன். ஒட்டு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. கடைசி ஸ்வரத்தைத் தட்டிவிட்டுக் கையை எடுத்தேன். கரகரப்பு மெல்ல உதிர்ந்தது. முழுக்கத் தெளியும்வரை நான் அசையவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் தம்பி கட்டைவிரலை உயர்த்தினான். பிறகு மைக்கில் சிரித்தான். "இன்னைக்கு வெட்டுற வேலை மிச்சம்க்கா. நேத்து ஒவ்வொரு டேக் முடிவுலயும் ஒரு 'ச்சே' விழுந்திருந்துச்சு. எல்லாத்தையும் தேடித் தேடி எடுத்தேன்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் கேட்காத என் குரலை ஒருவர் இத்தனை வருடமாகக் கூடத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். அந்தக் கடைசி வரியை ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஃபோன் செய்தேன். எடுத்ததும் ஒன்றும் பேசாமல் ஃபோனை ஸ்பீக்கரிடம் நீட்டினேன். கம்பி கரகரத்துத் தெளிந்து ஓய்ந்தது. காதில் வைத்தேன். மறுமுனையில் சத்தமே இல்லை.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றார். "அதுக்கப்புறம் ஏதாவது வருதான்னு பாத்துட்டிருந்தேன்."

"வராது" என்றேன்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வரும்போது சமையல் சோடா வாங்கிட்டு வா. இருந்ததெல்லாம் கொட்டிடுச்சு."