கறுப்பு ஜன்னலில் ஒரு வட்டம்

கிராபிக்ஸ் டாட் ஹெச் என்று ஒரு ஃபைலே இல்லை என்று லேப்டாப் மறுபடியும் சொன்னது. சரண்யா அந்தச் சிவப்பு வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வட்டம் வரையும் புரோகிராமுக்குப் புத்தகத்தில் முதல் வரியாக எழுதச் சொல்லியிருந்ததே அதைத்தான். ஓர் எழுத்துகூடப் பிசகாமல் அடித்திருந்தாள். வாசலுக்கு அப்பால் உப்புப் பாத்திகள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. நாளைக்கு பிராக்டிகல் தேர்வு.

கல்யாணமாகி, குழந்தை பிறந்து, பாதியில் விட்ட படிப்பை இந்த வருஷம்தான் திரும்பப் பிடித்திருந்தாள். கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் அவளைவிடச் சின்னவர்கள். அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவரவர் பெஞ்சுக்குப் போய்விடுவார்கள். லேபில் எல்லா மெஷினிலும் இதை யாரோ முன்னாலேயே சரிசெய்து வைத்திருந்தார்கள். அங்கே படம் வரைந்து பழகிய வாரத்தில் குழந்தைக்குக் காய்ச்சல், அவள் போகவில்லை.

"இனிமே காலேஜுக்குப் போகல" என்று காலையில் பாலகுருவிடம் சொல்லியிருந்தாள். உப்பு வாரக் கிளம்பிய அவசரத்திலும் அவள் புருஷன் நின்றான். "யாரையாவது கேட்டுப் பாரேன்" என்றான். கேட்க யார் இருக்கிறார்கள் என்று அப்போது தோன்றியது. இருந்தும் இப்போது திரையை போட்டோ எடுத்து கிளாஸ் குரூப்பில் போட்டாள். வெகுநேரம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்புறம் பூஜாவிடமிருந்து தனியாக ஒரு மெசேஜ் வந்தது. 'அக்கா, வீட்ல இருக்கீங்களா? வர்றேன்.'

முதல் பெஞ்சில் உட்காருகிற, அனுமந்தை ஊர்ப் பெண். கொஞ்சம் கர்வக்காரி என்றுதான் சரண்யா நினைத்திருந்தாள். அவள் பஸ்ஸில் வந்து இறங்கி, உப்பள வரப்பில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வந்தாள்.

"எனக்கும் முதல்ல வரலக்கா. உக்காந்து அழுதேன்" என்று சொல்லிக்கொண்டே பென்டிரைவைச் செருகினாள். "புக்குல இதைச் சொல்லவே மாட்டாங்க. இந்த லைப்ரரி கூடவே வராது, நாமதான் கொண்டாந்து போடணும்."

இரண்டு ஃபைல்களை இன்க்ளூட் என்ற ஃபோல்டரில் போட்டாள், இன்னொன்றை லிப் என்ற ஃபோல்டரில். லிங்கர் என்று எழுதிய கட்டத்தில் ஒரு நீள வரியை ஒட்டினாள். புரோகிராமை ஓட்டிப் பார்த்தார்கள். பழைய சிவப்பு வரி போய் வேறு சிவப்பு வரிகள் வந்தன.

பூஜாவின் முகம் சுருங்கியது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து செய்தாள். அதேதான் வந்தது. "என் லேப்டாப்ல இதோட ஓடிடுச்சுக்கா" என்றாள், தன் தப்பு போல. இவ்வளவு தூரம் வந்த பிள்ளையை இப்படித் தவிக்கவிட்டோமே என்று சரண்யாவுக்குச் சங்கடமாக இருந்தது. டீ போட எழுந்தவள் மனசு கேட்காமல் திரும்ப உட்கார்ந்து, சிவப்பு வரிகளை மேலிருந்து எழுத்துக்கூட்டினாள்.

"இன்கம்பேட்டிபிள்னா என்ன பூஜா?"

"ஒத்துப்போகாதுன்னு..." பூஜா நிமிர்ந்தாள். "அக்கா, இது அறுபத்துநாலு பிட்டுல ஓடுது. நம்ம ஃபைல் முப்பத்திரண்டு. இதை எப்படி விட்டேன்?"

மேலே ஒரு சின்னப் பெட்டியில் அம்புக்குறி இருந்தது. அதை அழுத்தி முப்பத்திரண்டைத் தேர்ந்தெடுத்தாள். "நீங்களே ஓட்டுங்க."

சரண்யா அழுத்தினாள். திரையில் ஒரு கறுப்பு ஜன்னல் திறந்தது. அதன் நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம்.

உப்பளத்திலிருந்து வந்த பாலகுரு, கால் கழுவாமல் வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தான். "இதுக்குத்தானா காலேஜுக்குப் போகலன்ன?" என்றான். குரலில் கேலி இல்லை. பூஜாவைப் பார்த்து, "இரும்மா, சாப்ட்டுட்டுப் போ. பைக்ல கொண்டுபோய் விடுறேன்" என்றான்.

பூஜாவின் தட்டில் சரண்யா சோறு வைத்தாள். நன்றி என்று சொன்னால் சின்னதாகிவிடும் போலிருந்தது. மீன் துண்டுகளில் பெரியதை எடுத்து அவள் சோற்றில் வைத்தாள். பூஜாவும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பைக் சத்தம் ரோட்டில் கரைந்த பிறகு சரண்யா வட்டத்தின் அளவைக் கூட்டி ஓட்டினாள். பெரிதாக வந்தது. இன்னும் கூட்டினாள். கோடு ஜன்னலைத் தாண்டி வெளியே போய்விட்டது. ஓரங்களில் வளைவுகள் மட்டும் வெள்ளையாகத் தெரிந்துகொண்டிருந்தன.