மீனம்பாக்கம் மாடத்தில் ஒரு ஜெபம்

பொன்னுசாமி ரிட்டயர் ஆன பிறகு அவருக்கென்று மிச்சமிருந்த ஒரே சொத்து புதன்கிழமைதான். மற்ற நாளெல்லாம் மனைவி ஞானம்மாளுக்குச் சொந்தம். ரேஷன் கடை, மாவு மிஷின், சர்ச் கமிட்டி, தண்ணீர் லாரிக்குக் குடம் போடுவது என்று அவரைத் தாம்பரம் முழுக்க ஓட விடுவாள். அவர் ஓடிய ஓட்டத்தை நேர்க்கோட்டில் ஓடியிருந்தால் இந்நேரம் இமயமலையில் முட்டிக்கொண்டிருப்பார்.

புதன் காலை மட்டும் சலவைச் சட்டையைப் போட்டுக்கொள்வார். தூக்குமேடைக்குப் போகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

“பென்ஷன் ஆபீஸ் வரைக்கும் போய்ட்டு வந்துடறேன் ஞானம். க்யூ திருநெல்வேலி வரைக்கும் நிக்குதாம்.”

தெருமுனை திரும்பியதும் அந்த முகம் கழன்று விழும். எலக்ட்ரிக் ட்ரெயினில் ஜன்னலோரம் பிடித்தால் அப்புறம் பட்டணமே அவருடையது. மியூசியத்தில் திமிங்கல எலும்புக்கூட்டுக்குக் கீழே ஒரு குட்டித் தூக்கம் போடுவார். ஹைகோர்ட்டில் யாரோ அண்ணன் தம்பி பாகப்பிரிவினைக்கு அடித்துக்கொள்வதைப் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார். டிக்கெட் இல்லாத நாடகம். இடைவேளையில் தண்ணீர்கூடக் கிடைக்கும். இது மட்டும் ஞானம்மாளுக்குத் தெரிந்தால் தொலைந்தது. புதன்கிழமையும் மாவு மிஷினுக்குப் போய்விடும். அந்தப் பயத்திலேயே எந்தச் சந்தோஷத்துக்கும் கொஞ்சம் கூடுதல் ருசி.

எல்லாவற்றிலும் அவருக்குப் பிடித்தது மீனம்பாக்கம் விமான நிலையம். சில்லறைக் காசுக்கு ஒரு சீட்டு வாங்கினால் பார்வையாளர் மாடத்தில் நிற்கலாம். மஸ்கட்டுக்கும் குவைத்துக்கும் வேலைக்குப் போகிற ஒருத்தனை வழியனுப்ப ஒரு தெருவே வேன் பிடித்து வரும். ஒருத்தன் பறக்க, ஊரே அழும். பொன்னுசாமி ஓரமாய் நின்று, அவர்கள் அழும்போது அழுவார், சிரிக்கும்போது சிரிப்பார். யாராவது எலுமிச்சை சாதப் பொட்டலம் நீட்டினால், “ஐயோ வேணாங்க” என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டுவார்.

அன்றைக்குத் தாம்பரத்துக்குப் பக்கத்து முடிச்சூரிலிருந்து ஒரு கூட்டம் மாடமே ஆடும்படி ஏறி வந்தது. ரவி என்று ஒரு பையன் மஸ்கட் போகிறான். பின்னாலேயே மூச்சிரைக்க வந்த வேன் டிரைவர் கேசவன் பொன்னுசாமியைக் கண்டுகொண்டான்.

“இன்னா பெருசு, போன வாட்டியும் இங்கதான் அய்துகினு இருந்தே. உனுக்கு எத்தினி புள்ளைங்கதான் ஃபாரின்ல கீது?”

“எல்லாம் நம்ம புள்ளைங்கதானேப்பா.”

“சோத்துக்கு வந்துகிறேன்னு சொல்லேன்! சரி, நில்லு, வேடிக்கை பாரு. எங்க வேன்ல ஒரு அம்மா கீது. அது ஜெபம் பண்ணா ஏரோப்ளேனே கண்ணைத் தொடைச்சிக்கும். எவன் ஃபாரின் போனாலும் அத்தத்தான் மொதல்ல கூட்டியாருவாங்க. ஃப்ரன்ட் சீட்டு, ஜன்னல் பக்கம். இல்லாட்டி அது வராது, ஆமா.”

இப்படி ஒரு கலைஞரை எப்படித் தவறவிட்டோம் என்று பொன்னுசாமி எட்டிப் பார்த்தார். கூட்டம் விலகியது.

நடுவில் ஞானம்மாள் நின்றாள்.

விமானம் ஒன்று அவர் தலையிலேயே இறங்கியிருந்தால்கூட அத்தனை அதிர்ந்திருக்க மாட்டார். புதன்கிழமைகளில் சர்ச்சில் மகளிர் ஐக்கியக் கூட்டத்துக்குப் போவதாகச் சொல்கிற ஞானம்மாள். கிறிஸ்துமஸுக்கு மட்டும் பெட்டியிலிருந்து வெளியே வருகிற பட்டுப் புடவை. போதாதற்குக் கண்ணில் கறுப்புக் கண்ணாடி!

ஓடிவிடலாம் என்று திரும்பினார். படிக்கட்டை ரவியின் பெட்டி அடைத்துக்கொண்டிருந்தது. அதற்குள் எல்லோரும் கண்ணை மூடித் தலை குனிந்துவிட்டார்கள். ஜெபத்தின் நடுவே இடித்துக்கொண்டு ஓடினால் அடிதான் விழும். பொன்னுசாமி மட்டும் கண்ணைத் திறந்தபடி நின்றார். கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண் மூடியிருக்கிறதா என்று தெரியவில்லை.

“ஆண்டவரே, எங்க பிள்ளை ரவியை உம்முடைய கையில ஒப்புக்கொடுக்கிறோம். அவனுக்கு நல்ல முதலாளியைத் தாரும். கண்டதைத் தின்னு வயித்தைக் கெடுத்துக்காம காத்தருளும்.” கறுப்புக் கண்ணாடியை ஒரு விரலால் சரிசெய்துகொண்டாள். “பென்ஷன் ஆபீஸ்ல கால் கடுக்க நிக்கிற பெரியவங்களையும் நினைச்சருளும் ஆண்டவரே. அந்த க்யூ திருநெல்வேலி வரைக்கும் நிக்குதாம். சில பேருக்கு அது மீனம்பாக்கம் வழியா வளைஞ்சு வருது. அவங்களுக்கு நேர் வழியைக் காட்டும்.”

“ஆமென்!” என்றது கூட்டம். பொன்னுசாமியின் ஆமென்தான் ஓடுபாதை வரை கேட்டது.

ரவியின் அம்மா ஜெயசீலி உருகிப்போனாள். “யாரோ தெரியல, பாவம், எப்படி மனசு கரைஞ்சு சொல்றாரு பாருங்க. உங்களுக்குத் தெரிஞ்சவராக்கா?”

“எனக்கா? நான் பார்த்ததேயில்லம்மா.” ஞானம்மாள் ஒரு பொட்டலத்தை அவரிடம் நீட்டினாள். “சாப்பிடுங்கய்யா. வீட்ல சமைச்சுப் போட யாரும் இல்லையா?”

முப்பத்தைந்து வருஷத் தாம்பத்தியம் அப்படியே காற்றில் பறந்து போனது. ஆனாலும் பொன்னுசாமி தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். சமாளித்துக்கொண்டார்.

“இருக்காங்கம்மா. ரொம்ப பக்தி. புதன்கிழமையானா மகளிர் ஐக்கியத்துக்குப் போயிடுவாங்க.”

கறுப்புக் கண்ணாடி மெல்ல மூக்கு நுனிக்கு இறங்கியது.

“அப்படிப்பட்ட பொம்பளை கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்” என்றாள் ஞானம்மாள்.

தூரத்தில் ஒரு விமானம் நகர்ந்தது. பொன்னுசாமி பழக்கதோஷத்தில் கைக்குட்டையை எடுத்து ஆட்டினார்.

“ஐயா, அது பம்பாய் போறது” என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. “மஸ்கட் ஃப்ளைட் இந்தப் பக்கம் நிக்குது. இத்தனை நாளா எதைப் பார்த்து அழுதுகிட்டிருந்தீங்க?”

அவர் ட்ரெயினில் திரும்பினார். அவள் வேனில், ஜன்னல் பக்கம். வீட்டுக்கு வந்தபோது பழைய நூல் புடவையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். டம்ளரை நீட்டி, சர்க்கரை போதுமா என்று மட்டும் கேட்டாள். போதும் என்று மட்டும் சொன்னார். அந்த வாரம் முழுக்க அவர் தண்டனையை எதிர்பார்த்து, சொல்லாமலே மாவு மிஷினுக்குப் போனார். அரைக்க அரிசி இல்லாமல்கூட ஒரு தடவை போனார்.

புதன் வந்தது. அவர் சட்டையைத் தொடவில்லை. பேப்பரை விரித்து, படித்த விளம்பரத்தையே படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“என்னங்க, கிளம்பலையா?” அடுக்களையிலிருந்து குரல்.

“எங்க?” என்றார் பேப்பருக்குப் பின்னாலிருந்தே.

“கரண்ட் ஆபீஸுக்கு. மீட்டர் ரிப்பேர்னு சொல்லிக்கிட்டிருந்தீங்களே.”

அவர் மீட்டரைப் பற்றி மூச்சுகூட விட்டதில்லை. மீட்டர் திவ்வியமாக ஓடிக்கொண்டிருந்தது. பேப்பர் கையிலிருந்து நழுவியது.

“அ... ஆமாம். கூட்டமா இருக்கும்.”

“இருக்காதா பின்ன? சாயங்காலம் ஆயிடும்.” தலையைத் துவட்டிக்கொண்டே ஞானம்மாள் வாசல் வரை வந்தாள். “எந்தக் கரண்ட் ஆபீஸுக்கு வேணாலும் போங்க. தீவுத்திடல் பொருட்காட்சிப் பக்கம் மட்டும் வந்துடாதீங்க. இன்னைக்கு எங்க மகளிர் ஐக்கியம் அங்கதான்.”