வாளியில் வந்த தாய்

பிள்ளைக்குப் பாலூட்டக் கடைச் சங்கு ஆகாது, கடல் சங்குதான் ராசி என்று தர்மாவுக்கு யார் ஓதினார்களோ! ஈப்போவில் லாரி ஓட்டுகிற மனிதர். ஒன்று மண்டையில் ஏறிவிட்டால் லேசில் இறங்காது. லுமுட் படகுத்துறையில் ஒரு மலாய் மீனவரிடம் பெரிய சங்கொன்றை உயிரோடு வாங்கி, கடல்நீர் வாளியில் போட்டு, நண்பகலுக்குள் வீடு வந்துவிட்டார். வேகவைத்துச் சதையை எடுத்தால் சங்கு தயாராம்.

அவர் மனைவி புனிதாவுக்குப் பகீரென்றது. அவளுக்கு இது ஏழாவது மாதம். முன்பு இரண்டு முறையும் தொட்டில், துணி என்று வாங்கிக் குவித்துவிட்டு, மருத்துவமனையிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவள். சூடு கண்ட பூனை. பிள்ளை பிறக்கும்வரை ஒரு துண்டுத் துணிகூட வீட்டுக்குள் வரக்கூடாது என்று சொல்லியிருந்தாள்.

“அவ்வளவு சொல்லியும் ஏங்க வாங்கினீங்க?”

“இந்தத் தடவ பொறக்கும்லா, புனி.”

அவளால் அதை நம்ப முடியவில்லை. நம்பப் பயமாக இருந்தது.

அடுப்பில் தண்ணீர் கொதித்தது. தர்மா சங்கைத் தூக்கினார். அதோடு ஒட்டிக்கொண்டு அன்னாசிப் பழம் போல ஒரு கொத்தும் வந்தது. அடுக்கடுக்காகக் கண்ணாடிப் பைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் உளுந்தளவில் ஓர் உயிர்.

“இது என்ன?”

“முட்டையாம், அந்த மீனவர்தான் சொன்னாரு. ஒவ்வொரு பையா அதுவே கட்டுமாம், வாரக்கணக்கா. குஞ்சு உள்ளயே வளந்து, முதுகுல ஓட்டோடதான் வெளிய வருமாம். வலையில சிக்குனப்பகூட இது முட்டைய விடலையாம்.” சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது.

புனிதா அடுப்பை அணைத்தாள். “கெரேத்தா சாவிய எடுங்க. கடல்லயே கொண்டுபோய் விட்ருவோம்.”

“அவ்வளவு தூரம் நீ எப்படி...”

“மெதுவா போலாம்.”

வழியெல்லாம் காரில் வாளி அவள் கால்களுக்கு நடுவில் இருந்தது. பாதி வழியில் சங்கு முட்டையை விட்டுவிட்டு ஓட்டுக்குள் சுருங்கிக்கொண்டது. தொட்டாலும் அசையவில்லை. கடலே, இதையாவது காப்பாற்று என்று புனிதா வேண்டிக்கொண்டாள்.

லுமுட்டில் கடல் உள்வாங்கிக் கிடந்தது. கணுக்கால் அளவு தண்ணீரில் தர்மா முட்டைக் கொத்தை வைத்து, பக்கத்தில் சங்கை வைத்தார். அவர் தோளைப் பிடித்தபடி புனிதா குனிந்து பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

வெகுநேரம் கழித்து வரிவரியான பழுப்புப் பாதம் ஒன்று மெல்ல வெளியே வந்தது. மணலைத் தடவியது, நகர்ந்தது, தடவியது, முட்டையைத் தொட்டதும் அப்படியே அணைத்துக்கொண்டது.

“விடலீங்க,” என்றாள் புனிதா. தர்மா இரண்டையும் சேர்த்துத் தூக்கி, இடுப்பளவு ஆழத்துக்குக் கொண்டுபோய் விட்டு வந்தார்.

திரும்பும் வழியில், ஆயர் தாவார் கடைத்தெருவில், “நிறுத்துங்க,” என்றாள்.

“என்ன, வலிக்குதா?”

“இல்ல. சங்கு வாங்கணும். கடைச் சங்கு.”

பாத்திரக் கடைக்காரம்மா சின்னதாக ஒரு சில்வர் சங்கைத் துடைத்துக் கொடுத்தார். “பிள்ளைக்கு எத்தனை மாசம்மா?”

புனிதா சங்கை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். “இன்னும் ரெண்டு மாசத்துல வந்துரும், அக்கா.”